எட்டு ஒன்று மூன்று ஒன்பது டூ

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் கார்டு பொருத்தப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது வேலை செய்தது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நான் ஐந்தாம் வகுப்பில் எழுதிய டைரி அப்படித்தான் சொல்கிறது. அப்பாவின் கம்பெனியில் ஆண்டுதோறும் கொடுக்கிற டைரி அது. அப்பா அதைத் தொடமாட்டார் என்பதால் என்னிடம் வந்துவிடும். என்றைக்குக் கரண்ட் போனது, எத்தனை மணிக்கு வந்தது, காலையில் என்ன டிபன் என்பதுவரை எழுதிவைப்பேன். அந்த டைரியில் உள்ள தேதிகளை வைத்து உறவினர் வீட்டுச் சச்சரவுகளைக்கூடப் பிற்பாடு தீர்த்திருக்கிறேன். ஆனால் மேலே சொன்ன இரண்டு நாட்களில் ஒன்று தவறு. அது தவறு என்று தெரிந்துகொள்ள எனக்குப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன.

அப்போது நாங்கள் ஓசூரில் ராயக்கோட்டை சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் இருந்தோம். அப்பா தருமபுரிப் பக்கத்துக்காரர். வண்டி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை. நின்றுபோன மிஷினை ஓடவைப்பது அவருடைய தொழில். அம்மா தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவள். ஊருக்கு வெளியே ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டும் வேலைக்குப் போய்வந்தாள். அம்மாவுக்கு ஒரே தம்பி, என் தாய்மாமா. பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு.

எங்கள் வீட்டுக்கும் மாமாவுக்கும் பேச்சுவார்த்தை நின்று அப்போது இரண்டு ஆண்டு, பதினோரு மாதம். அதற்குக் காரணம் என் காது. எனக்கு ஆறு வயதில் மலைக்கோயில் மண்டபத்தில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அன்றைக்கென்று கர்நாடக எல்லையில் பஸ்களை நிறுத்திவிட்டார்கள். மாமா அத்திப்பள்ளியில் இறங்கி, சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். நல்லநேரம் ஒன்பதரைக்கு முடிந்தது. ஷிப்ட் சங்குக்கு ஐந்து நிமிடம் முன்பே கேட்டில் நிற்கிற அப்பா, ஒன்பது இருபத்தைந்து வரை பார்த்துவிட்டுப் பெரியப்பாவை உட்காரச் சொன்னார். மாமா படியேறி வந்தபோது பத்தேகால். என் காதில் கம்பியும் அதைச் சுற்றிச் சந்தனமும் இருந்தன. மாமா பெரியப்பாவின் மடியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். சீர்த்தட்டை மண்டபப் படியில் வைத்துவிட்டு வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அப்பா கூப்பிடவுமில்லை. அம்மாதான் முதலில் வாயை மூடிக்கொண்டவள். புருஷனை மதிக்காமல் தட்டை வைத்துவிட்டுப் போனவனிடம் தனக்கென்ன பேச்சு என்று சொல்லிவிட்டாள். சொன்னபடி நடந்தும் காட்டினாள். மாமாவின் செல்போன் எண் மட்டும் சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில், ஆண்டுக்கு ஆண்டு புதுக் காலண்டருக்கு மாறிக்கொண்டே இருந்தது.

அந்த ஆண்டு ஆனி மாதம் ராயக்கோட்டையிலிருந்து தக்காளிக் கூடையோடு வந்த உறவுக்காரர் ஒருவர், மாமாவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. தாலியில் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் அக்காள் போடவேண்டும். மாமாவுக்கு இருப்பது ஒரே அக்காள். ஆடி பிறந்துவிட்டால் பத்திரிகை வைக்கமாட்டார்கள், ஆனி முடியப் பதினைந்து நாள்கூட இல்லை. இந்தக் கணக்கை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. தக்காளியை மட்டும் அன்றைக்கு இரண்டு தடவை கழுவினாள்.

கம்ப்யூட்டர் வந்தது அந்தச் சமயத்தில்தான். அப்பாவின் கம்பெனி அலுவலகத்தில் பழையவற்றை மாற்றியபோது கொடுத்தார்கள். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் வைத்திருக்கிற சிஸ்டத்தைப் போட்டுத்தருவதாக ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர் சொல்ல, அப்பா வேண்டாமென்று சொல்லிவிட்டு, வீட்டு அலமாரியில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியைத் தேடியெடுத்தார். பத்திரிகை மாமாவுடையது. காதுகுத்துக்கு முந்தைய காலத்தில் எங்கள் வீட்டில் விட்டுப்போனது. லினக்ஸில் வைரஸ் வராதாம் என்று அப்பா காரணம் சொன்னார்.

தொலைபேசிக்காரர்கள் பிராட்பேண்ட் மோடத்தை மாட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கார்டு இல்லை, வாங்கிப் போடுங்கள் என்றார்கள். அப்பா வாங்கிவந்தார். உள்ளங்கை அகலம், பச்சை நிறம், நடுவில் இருந்த சிப்பின் மேல் ஒரு நண்டுப் படம். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு அப்பா திருப்புளியால் மூடியைக் கழற்றிக் கார்டைச் செருகினார். ஒயரை மாட்டினார். கம்ப்யூட்டர் ஓடியது, நெட் வரவில்லை. மாலைவரை அப்பா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு, அம்மாவும் வேலையிலிருந்து வந்தபிறகு, அப்பா காலண்டரைத் திருப்பி எண்ணைப் பார்த்துப் போனில் அழுத்தினார். ஸ்பீக்கர் பட்டனைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“உங்க மாமாகிட்ட கேளு, பாப்பா. கார்டு போட்டும் நெட் வரலைன்னு சொல்லு.”

மணி அடித்தது. மாமா எடுத்தார். நான் யாரென்று சொன்னதும், எந்த வகுப்பு படிக்கிறேன் என்று கேட்டார். கார்டில் நண்டு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் ரொம்பச் சுலபம், அந்தக் கார்டுக்கான டிரைவர் உள்ளேயே இருக்கும், அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்துவிடும் என்றார். எழுதிக்கொள்ளச் சொன்னார். முதலில் மோட்ப்ரோப் என்று ஒரு சொல், அதை எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஓர் இடைவெளி. அதற்கப்புறம் டிரைவரின் பெயர்: எட்டு, ஒன்று, மூன்று, ஒன்பது, டூ.

நான் ரஃப் நோட்டில் எழுதினேன்: 81392. அப்பா அதைப் பார்த்துத் தட்டினார். அப்படி ஒன்று இல்லையே என்று கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் சொன்னது. மாமாவிடம் சொன்னேன். எழுதியதைப் படிக்கச் சொன்னார். படித்தேன்: எட்டு, ஒன்று, மூன்று, ஒன்பது, டூ. சரியாகத்தானே இருக்கிறது என்று மாமாவும் குழம்பினார். நாளைக்கு மறுபடி கூப்பிடு என்றார்.

போனை வைத்தபிறகுதான் கவனித்தேன். சமையலறையில் குக்கர் அடுப்பிலிருந்து இறக்கப்பட்டிருந்தது. மிக்சி பாதியில் நின்றிருந்தது. அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். கை எப்போதோ காய்ந்திருக்கவேண்டும்.

அந்த வாரம் முழுவதும் மாலை ஆறு மணி இப்படித்தான் போனது. அப்பாவுக்கு அந்த வாரம் முதல் ஷிப்ட். இரண்டரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் பள்ளியிலிருந்து வர நாலரை, அம்மா வர ஐந்தரை. ஆறுக்குப் போன். மாமா ஸ்பீக்கரில் கேட்பார், அப்பா பக்கத்திலேயே நின்று பதில் சொல்வார், அது மாமாவுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் நான் திருப்பிச் சொன்னால்தான் இரண்டு பேரும் ஏற்றுக்கொள்வார்கள்.

“கார்டை வேற ஸ்லாட்டுல மாத்திப் போடச் சொல்லு, பாப்பா.”

“மாத்தியாச்சுன்னு சொல்லு.”

“மாத்தியாச்சாம், மாமா.”

“அப்படியா?” என்று மாமா புதிதாகக் கேட்பதுபோல் கேட்பார்.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருப்பதுபோல் நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இருவரும் பேசியது ஒரே மொழி.

புதன்கிழமை பேச்சின் நடுவில் அம்மா தும்மினாள். அங்கே யார் தும்முவது என்று மாமா கேட்டார். அம்மா என்றேன். மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொல் என்றார். நான் சமையலறைப் பக்கம் திரும்பி அதையும் கடமையாகச் சொன்னேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மிளகு ரசம். அம்மாவுக்குச் சளியே பிடித்திருக்கவில்லை; மிளகாய் வறுத்த நெடி அது. இது டைரியில் இருக்கிறது.

டைரியில் இல்லாத சிலவும் எனக்கு நினைவிருக்கின்றன. ஒரு மிஷின் இரண்டு நாள் நின்றால் சாப்பிடப் பிடிக்காத அப்பா, அந்த வாரம் வயிறாரச் சாப்பிட்டார். மோடத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்திருந்தார். கேட்டால் தூசி என்றார். ரஃப் நோட்டைப் பார்த்துத் தட்டும்போது பதில் என்ன வருகிறது என்று திரையை அவர் பார்க்கவில்லை; தட்டி முடித்த கையோடு, “வரலைன்னு சொல்லு” என்றார்.

வியாழக்கிழமை பள்ளியில் எனக்கும் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கும் சண்டை. அவள் டூ விட்டுவிட்டாள். அந்தக் கோபம் மாலையிலும் இருந்தது.

“கடைசில டூ போட்டியா, பாப்பா? டூ இல்லாம அது வராது,” என்றார் மாமா.

“போட்டேன் மாமா. நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஏற்கெனவே டூ தான. இன்னும் எத்தன டூ போடறது?”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா திருப்புளியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் பெங்களூரின் ஆட்டோ ஹாரன்கள் மட்டும் கேட்டன. நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது, எதுவென்று தெரியவில்லை.

“அந்த டூ வேற, பாப்பா,” என்றார் மாமா கடைசியில். அன்றைக்கு அதற்குமேல் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை நானே பயந்துகொண்டுதான் நோட்டை எடுத்தேன். மாமா எடுப்பாரா என்று அம்மாவும் பயந்திருக்கவேண்டும். சமையலறைக்குள் போகாமல் அறையிலேயே நின்றாள். மாமா முதல் மணியிலேயே எடுத்தார். கார்டின் தங்கநிறப் பற்களை ரப்பரால் அழித்துச் சுத்தம் செய்யச் சொன்னார். என் வாசனை ரப்பர் அதற்குப் பலியானது. கார்டு ஸ்ட்ராபெரி மணத்தது, வேலை செய்யவில்லை.

சனிக்கிழமை மாமா பெருமூச்சு விட்டார்.

“இது இனிமே போன்ல ஆவாது. நேர்ல பாத்தாத்தான் ஆவும். வரலாமான்னு உங்கப்பாவக் கேளு, பாப்பா.”

கேட்டேன். அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திரும்பச் செருகினார்.

“வரச் சொல்லு,” என்றார். பிறகு, “ஆனி முடியறதுக்குள்ள வரச் சொல்லு.”

நெட்வொர்க் கார்டுக்கும் ஆனி மாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டே அதை அப்படியே சொன்னேன். மறுமுனையில் மாமா இருமினார். நாளைக்கு ஒன்பதரைக்கு வருவதாகச் சொன்னார். அம்மா அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எட்டு மணிக்கே இட்லி அவித்துவிட்டாள். ஒன்பதரை ஆனது, மாமா வரவில்லை. பத்தும் ஆனது. எட்டரைக்குத் தட்டு முன்னால் உட்காராவிட்டால் குரல் உயர்த்துகிற அப்பா, “அவன் வரட்டும், சேந்து சாப்புடலாம்” என்று கேட்டுக்கே போய் நின்றுகொண்டார். எல்லையில் லாரி நெரிசலாம். மாமாவின் பைக் தெருமுனையில் திரும்பியபோது மணி பத்து இருபது. நான் டைரியில் குறித்துக்கொண்டேன். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

மாமா தோளில் ஒரு பை. செருப்பைக் கழற்றியவர் பையையும் செருப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தார். அம்மாவுக்கு ஒரு தலையசைப்பு. நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என் ரஃப் நோட்டைக் கேட்டார். பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“டூன்னா ரெண்டு இல்ல, பாப்பா. டி, ஓ, ஓ. கூடன்னு அர்த்தம். ‘நானும் வரேன்’னு சொல்றோமே, அந்த ‘உம்’.”

அதை நான் சரியாக 8139too என்று எழுதிக்கொள்ள, அவர் தட்டினார். கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரியில் பேசாமல் நின்றது. ஆகவில்லையா என்று கேட்டேன்.

“இந்த சிஸ்டம் அப்படித்தான். தப்புன்னா கத்தும். சரியாப் போச்சுன்னா வாயே தொறக்காது,” என்றவர், “உங்கப்பா மாதிரி” என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். அப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

பிறகு, எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று வேறு ஏதோ தட்டினார். திரை முழுக்க வரிகள் ஓடி நின்றன. கம்ப்யூட்டர் தனக்கு நடப்பதையெல்லாம் தானே எழுதிவைத்துக்கொள்ளும் குறிப்பேடு அது என்றார். தேதி, மணி, என்ன நடந்தது. எனக்குச் சட்டென்று அந்தக் கம்ப்யூட்டரைப் பிடித்துப்போனது. அவர் தோளுக்குப் பின்னால் நின்று நானும் படித்தேன். லிங்க் அப் என்று ஒரு வரி. கொஞ்சம் கீழே லிங்க் டவுன். மறுபடி அப், மறுபடி டவுன். மாமா மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். அவர் கை விசைமேலேயே நின்றுவிட்டது.

“மாமா, இது செவ்வாய்க்கிழமை தேதியாச்சே,” என்றேன். தேதிகளில் நான் ஏமாறமாட்டேன் என்ற பெருமை எனக்கு. “மூணு மணி அஞ்சு நிமிசம்னு போட்டிருக்கு. இங்க புதன்கிழமை. இதுவும் மூணு மணி. நாலே காலுக்கு டவுன்.”

மாமா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னலோரமாகத் திரும்பி நின்று, சுத்தமாக இருந்த திருப்புளியை மோடத்தின் மேலிருந்த துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மிஷின் கடியாரம் தப்பு, பாப்பா,” என்றார் மாமா. அவர் ஒரு சொல்லைத் தட்ட, வரிகளெல்லாம் மறைந்து திரை காலியாகிவிட்டது.

எழுந்து வாசலுக்குப் போனார். செருப்புக்குப் பக்கத்திலிருந்த பையை எடுத்துவந்தார். அதற்குள் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை. அம்மாவிடம் ஒரு தட்டு கேட்டு வாங்கி எல்லாவற்றையும் அதில் வைத்தார். தட்டோடு அப்பாவின் முன்னால் போய் நின்றார்.

“பாவா,” என்றார், அக்காள் புருஷனைத் தெலுங்கில் கூப்பிடும் முறையில்.

அப்பா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். “அன்னிக்கு நான் ஒரு மணிநேரம் பொறுத்திருக்கலாம்டா” என்றார். “வா, இட்லி ஆறிப்போச்சு.”

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். “ஏம்ரா, பாகுன்னாவா?” என்று தெலுங்கில், ஏதோ நேற்று வந்துபோனவனிடம் நலம் விசாரிப்பதுபோலக் கேட்டாள். கேட்டுவிட்டு, சட்னி எடுக்கப் போனவள் வெகுநேரம் வரவில்லை.

ஆவணியில் அம்மா மூன்றாவது முடிச்சைப் போட்டாள். நாள், நேரம், மண்டபத்தில் என்ன பாயசம் என்பதெல்லாம் டைரியில் இருக்கிறது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு சர்வரின் குறிப்பேட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது அதே வரி கண்ணில் பட்டது. லிங்க் அப். ஒயரை மாட்டினால் அப், பிடுங்கினால் டவுன். உதிரிபாக லிஸ்ட்டில் ஓர் எழுத்து தவறினாலும் கண்டுபிடிக்கிற அப்பா, டிரைவர்களின் பட்டியலை ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே அவர் கண்டுபிடித்துவிட்டார். அதன்பிறகு தினமும் நான் வீடு திரும்பும் முன் ஒயரைப் பிடுங்கிவைத்தார்; மாமா வந்த ஞாயிற்றுக்கிழமைதான் பிடுங்காமல் விட்டார். மிஷினும் டைரி எழுதும் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அன்று மாலையே போனில் அப்பாவிடம் கேட்டேன். கடியாரம் தப்பு என்று மாமாதான் அன்றைக்கே சொன்னானே என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா போனபிறகு நான் அப்பாவை விடவில்லை. தப்பான கடிகாரத்தோடு ஒரு மிஷின் வீட்டில் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தினசரிக் காலண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்று தேதியைப் படித்தேன். அப்பா ஒரு மறுப்பும் சொல்லாமல் உட்கார்ந்து, நான் சொன்ன நாளையும் மாதத்தையும் ஆண்டையும் மணியையும் நிமிடத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். அவை ஏற்கெனவே அப்படித்தான் இருந்தன. கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று காலையில்தான் கற்றிருந்தேன். டைரியைத் திறந்து, கம்ப்யூட்டர் கடிகாரம் சரிசெய்யப்பட்டது என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டேன்.